அசாம் மாணவர்களும் ஆட்சிப் பணியும்: ஊக்கம் யாருக்கு, எதற்கு?



நம்மை விட்டுப் பிரிந்த தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்த உரைக்கு இம்முறை அசாமை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று சேரிதோறும் விடுதிதோறும் சொல்லிவருகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. இதே பேச்சு அசாமில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 'பெரிய பதவிகளில் நம் பிள்ளைகள் இல்லையே' என்ற ஏக்கம் அங்கே மொழிப் போராட்டத்துக்கும் கல்லூரிகளுக்கும் பேரியக்கத்துக்கும் வித்திட்டிருக்கிறது. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதை இங்கே பார்க்கப்போகிறோம். அசாம் தூரத்து நாடுதான். ஆனால் அங்கே எழுதும் தேர்வும் இங்கே எழுதும் தேர்வும் ஒன்று, சாதியும் ஒன்று.

1. பதவியே குடும்பப் பெயரான நாடு

1228 முதல் 1826 வரை, ஏறத்தாழ 600 ஆண்டுகள் பிரம்மபுத்திரா சமவெளியின் பெரும்பகுதியை அகோம் அரசர்கள் ஆண்டார்கள். அவர்களுடைய ஆட்சி பைக் முறையில் நின்றது. உடல் வலுவுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஒரு பைக். அவர் அரசுக்கு முறைவைத்து உழைக்க வேண்டும். போர் வந்தால் போரிட வேண்டும். பிராமணரும் உயர்குடியினரும் இந்த உடலுழைப்பிலிருந்து விலக்குப் பெற்றார்கள். 20 பைக்குகளுக்கு மேலாளாக இருந்தவர் போரா. 100 பேருக்கு சைகியா. 1000 பேருக்கு ஹசாரிகா. அவர்களுக்கும் மேலே பருவாவும் புகனும்.

இன்று அசாம் செய்திகளில் நாம் கேட்கும் பெயர்கள் இவைதானே. பதவி போய் இரண்டு நூற்றாண்டு ஆனபிறகும் பெயர் நிற்கிறது. கைவர்த்தர் வீடுகளிலோ பெரும்பாலும் 'தாஸ்' என்ற பெயர்தான். தாஸ் என்றால் அடியவர். இந்தப் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே பழைய நிர்வாகத்தின் மேல்தட்டும் அடித்தட்டும் புலப்படும். ஆட்சிப் பணி என்ற ஆசை எல்லா வீட்டிலும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. சில வீடுகளில் அது மூதாதையரின் நாற்காலிக்குத் திரும்பிப் போவது. வேறு சில வீடுகளில் நாற்காலி என்பதே புதிது.

2. கச்சேரியின் மொழி

1826இல் யாண்டபோ உடன்படிக்கைக்குப் பின் அசாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1836இல் கச்சேரிக்கும் பள்ளிக்கும் வங்க மொழி ஆட்சிமொழியாக்கப்பட்டது. வங்கம் தெரிந்த எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்தார்கள். உள்ளூர் விவசாயிக்குத் தன் வழக்கே புரியாத நிலை.

இதை எதிர்த்து எழுந்த குரல்களில் முதன்மையானது ஆனந்தராம் தேக்கியால் புகனுடையது. கல்கத்தா இந்துக் கல்லூரியில் படித்து, கம்பெனி அரசில் பதவி வகித்தவர். 1853இல் அசாமின் நிர்வாகத்தை ஆராய வந்த மோஃபட் மில்ஸிடம் நீண்ட மனு ஒன்றைக் கொடுத்தார். அசாமிய மொழி வங்கத்தின் கொச்சை வழக்கல்ல, தனி மொழி என்று 1855இல் தனி நூலே வெளியிட்டார். 1859இல், முப்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார். சிவசாகரிலிருந்து 1846 முதல் 'அருணோதய்' இதழை நடத்திய அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளும் இதே வாதத்தை முன்வைத்தார்கள். 1873இல் அசாமிய மொழி கச்சேரிக்கும் பள்ளிக்கும் திரும்பியது.

இது பெரிய வெற்றி. ஆனால் மொழி திரும்பி வந்தபோது அதைப் பயன்படுத்தி வேலைக்குப் போகும் நிலையில் இருந்தவர்கள், ஏற்கெனவே ஏடும் எழுத்தாணியும் புழங்கிய வீட்டார். வலை வீசியவருக்கும் சட்டி வனைந்தவருக்கும் கச்சேரியின் மொழி மாறியது. கச்சேரியில் உட்கார்ந்திருந்தவர் மாறவில்லை.

3. லண்டனுக்குப் போன ஒருவர்

ஐ.சி.எஸ். தேர்வு அன்று லண்டனில் மட்டுமே நடந்தது. 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் தேறிய முதல் இந்தியர் ஆனார். ஏழு ஆண்டுகள் கழித்து 1870இல் அசாமிலிருந்து ஒருவர் தேறினார். அவர் வடக்கு குவாஹாட்டியைச் சேர்ந்த ஆனந்தராம் பருவா. முன்பு சொன்ன புகனின் பெயரும் இவர் பெயரும் ஒன்றுபோல் இருந்தாலும் இவர் வேறு. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்று, கில்கிறிஸ்ட் உதவித்தொகையோடு கப்பல் ஏறினார். பிற்காலத்தில் வங்கத்தில் அதிகாரியாக இருந்துகொண்டே ஆங்கில-சமஸ்கிருத அகராதியைத் தொகுத்தார். 1889இல் மறைந்தார்.

பதினெட்டு, இருபது வயதில் தனியாகக் கடல் கடந்து, அன்னிய மொழியில் போட்டியிட்டு வென்ற அந்த இளைஞரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வெற்றியைத் தாங்கிய படிகளை எண்ணிப்பார்ப்போம். பருவா என்ற பதவிப் பெயர் கொண்ட குடும்பம், கல்கத்தா வரை அனுப்பிப் படிக்கவைக்கும் வசதி, இங்கிலாந்து செல்ல உதவித்தொகை. இந்தப் படிகள் எல்லாம் இருந்தும் அந்தத் தலைமுறையில் அசாமிலிருந்து ஒருவர்தான் போக முடிந்தது.

2005 முதல் பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பில் தேறும் மாணவர்களுக்கு அசாம் அரசு அவர் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்திக் கணினி வழங்கியது. நல்ல திட்டம்தான். பத்தாம் வகுப்பைத் தொடும் முன்பே பள்ளியிலிருந்து உதிர்ந்துவிட்ட பிள்ளைக்கு அந்தக் கணினி எட்டாது.

4. 1893: சென்னையிலிருந்து போன மனு

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் தொடக்க காலக் கோரிக்கைகளில் ஒன்று. அசாமைப் போன்ற தொலைதூர மாகாணத்துக்கு அது நியாயமான கோரிக்கையாகவே பட்டிருக்கும். 1893 ஜூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை அதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அதே ஆண்டு சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் பறையர் மகாஜன சபை இதை எதிர்த்துக் கூட்டம் போட்டது. 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு பாராளுமன்றத்துக்குப் போனது. தேர்வு இங்கே நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வருவார்கள், அவர்கள் கையில் எங்கள் மக்கள் என்ன ஆவார்கள் என்பதே அந்த மனுவின் கேள்வி. இதற்காக அவர்களைத் தேசத்துரோகிகள் என்று ஏசியவர்கள் உண்டு.

தேர்வை லண்டனிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்த 3,412 பேர் கேட்ட கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கதவு திறக்கப்படும்போது அதற்கு மிக அருகில் நிற்பவர் யார்? 1922இல் அலகாபாத்தில் தேர்வு நடத்தத் தொடங்கினார்கள். பயணத் தூரம் குறைந்தது. கதவுக்கு அருகில் நின்றவர்கள் மாறவில்லை.

5. 'வெளிச் சாதிகள்'

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீண்டப்படாத மக்களைக் குறிக்க 'வெளிச் சாதிகள்' என்ற சொல் பயன்படுத்தப்பட்டது. அதை முன்மொழிந்தவர் அசாமின் கணக்கெடுப்பு அதிகாரி முல்லன். அகில இந்திய ஆணையர் ஹட்டன் அதை நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டார்.

'அசாமில் தீண்டாமை இல்லை, சங்கரதேவர் பிறந்த மண்' என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறோம். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சங்கரதேவரின் வைணவம் சடங்கின் பிடியைத் தளர்த்தியது உண்மை. ஆனால் ஊரின் பொதுத் தொழுகைக் கூடமான நாம்கரில் யார் எங்கே உட்காரலாம், யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற கணக்கு ஓயவில்லை. மீன்பிடிக்கும் கைவர்த்தர், சக்கரமில்லாமல் கையாலேயே மண்பாண்டம் வனையும் ஹீரா, நாமசூத்திரர், பூயிமாலி, பாட்னி, பான்ஸ்போர் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. 2011 கணக்குப்படி அசாமின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 7.15 விழுக்காடு, பட்டியல் பழங்குடியினர் சுமார் 12.45 விழுக்காடு.

இந்த இடத்தில் பீம்பர் தேவுரியை நினைக்க வேண்டும். தேவுரி பழங்குடியில் பிறந்து சட்டம் படித்தவர். மாகாண ஆட்சிப் பணித் தேர்வில் சிறப்பாகத் தேறியும் பழங்குடி என்பதால் அவருக்கு வேலை மறுக்கப்பட்டதாக அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1933இல் சமவெளிப் பழங்குடிகளுக்கான சங்கத்தை அமைத்தவர்களில் அவர் முன்னின்றார். நிலம் பறிபோகாமல் காக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. 1947இல், தேவுரி மறைந்த அதே ஆண்டில், அசாம் நில வருவாய் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பத்தாம் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன்படி பழங்குடி வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. அங்கே பாதுகாக்கப்பட்ட பிரிவினரின் நிலத்தை வெளியார் வாங்க முடியாது. பாதுகாக்கப்பட்டோர் பட்டியலில் பட்டியல் சாதியினரும் தேயிலைத் தோட்டப் பழங்குடிகளும் இடம்பெற்றார்கள்.

அலுவலக நாற்காலி மறுக்கப்பட்ட ஒருவர் ஒரு சட்டத்துக்கு வழிவகுத்தார். ஆனால் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு யாரிடம் போனது? மாவட்டத்தின் துணை ஆணையரிடம். நம் ஊரில் கலெக்டர் என்கிறோமே, அந்தப் பதவிதான்.

6. ஓர் அதிகாரி என்ன செய்ய முடியும்?

1861இல் நகாவோன் மாவட்ட விவசாயிகள் அபினிச் செடி பயிரிடுவது தடை செய்யப்பட்டதையும், வெற்றிலை பாக்குக்கு வரி வரப்போகிறது என்ற செய்தியையும் எதிர்த்து மாவட்டக் கச்சேரிக்குத் திரண்டு போனார்கள். திவா பழங்குடியினரும் கைவர்த்தரும் அவர்களில் இருந்தார்கள். அதிகாரி அவர்களுக்குச் செவிகொடுக்கவில்லை. அக்டோபரில் புலகுரியில் கூடிய மக்கள், தங்களைக் கலைக்க வந்த லெப்டினன்ட் சிங்கரைக் கொன்றார்கள். பதிலுக்குப் பலர் சுடப்பட்டார்கள், தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு மனு வாங்கப்பட்டிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கலாம்.

இன்னொரு அதிகாரி ஹென்றி காட்டன். 1896 முதல் 1902 வரை அசாமின் தலைமை ஆணையர். 1901இல் குவாஹாட்டியில் அவர் தொடங்கிய காட்டன் கல்லூரி 39 மாணவர்களோடு ஆரம்பமானது. அதுவரை மேல்படிப்பு என்றால் கல்கத்தாதான். அவரே தேயிலைத் தோட்டக் கூலிகளின் ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்றும் வாதாடினார். தோட்ட முதலாளிகள் கொதித்தார்கள். வைஸ்ராய் கர்சன் கடைசியில் அவர் பக்கம் நிற்கவில்லை. ஊதிய உயர்வு தள்ளிப்போடப்பட்டது. கல்லூரி கட்ட முடிந்த அதிகாரியால் கூலியின் ஊதியத்தை நினைத்தபடி உயர்த்த முடியவில்லை. அதிகாரியின் ஆற்றலையும் அதன் எல்லையையும் நம் மாணவர்கள் ஒருசேரத் தெரிந்துகொள்ள இந்த ஒரு வாழ்க்கை போதும்.

இன்றைய நடப்புக்கு வருவோம். அசாமில் ஆற்றின் பழைய வளைவுகளிலும் தாழ்நிலங்களிலும் தேங்கி நிற்கும் பெரிய நீர்நிலைகளைப் பீல் என்பார்கள். கைவர்த்தரின் சோறு அதில்தான். 1953இன் மீன்வள விதிகள், பதிவு செய்யப்பட்ட மீன்பிடி நீர்நிலைகளில் 60 விழுக்காட்டை அக்கம்பக்கத்தில் உண்மையாகவே மீன்பிடித்து வாழும் பட்டியல் சாதியினரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒதுக்கின. கச்சார் மாவட்டத்தில் மைமால் சமூகத்தாருக்கும் அந்த உரிமை உண்டு. தாளில் அருமையான விதி. ஆனால் 'உண்மையான மீனவர்' யார் என்று சான்று கொடுப்பவர் ஓர் அதிகாரி. சங்கத்தின் பெயருக்குப் பின்னால் மகாஜனின் பணம் நிற்கிறதா என்று விசாரிக்க வேண்டியவரும் அதிகாரியே. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு வலை என்றால் என்ன, மழைக்காலக் கடன் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் விசாரணையே வேறு மாதிரி நடக்கும். நிலப் பட்டா, ஆற்று அரிப்பில் வீடிழந்தவரின் மறுகுடியமர்வு, சாதிச் சான்றிதழ், தோட்டத் தொழிலாளரின் குறைதீர்ப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆட்சிப் பணிக்குப் போங்கள் என்று அசாமின் ஒடுக்கப்பட்ட மாணவர்களிடம் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் நமக்குத் தெரியவில்லை. சைரன் வைத்த காரும் சல்யூட்டும் இதற்கு அப்புறம்தான்.

7. தேர்வறையின் உள்வாசல்கள்

அரசுப் பணியில் நமக்கு இடம் சும்மா வரவில்லை. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்க ஆணை வந்தது. 1946இல் அது 12.5 ஆனது. அரசியல் சட்டத்தின் 16(4)ஆம் பிரிவு அதற்கு அடித்தளமிட்டது. 1970இல் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 என்ற இன்றைய அளவு வந்தது.

இட ஒதுக்கீடு வந்த பிறகும் உள்வாசல்கள் இருந்தன. 1950இல் ஐ.ஏ.எஸ். தேர்வெழுதிய வங்கத்துத் தலித் இளைஞர் அச்சுதானந்த தாஸ் எழுத்துத் தேர்வில் முன்னணியில் நின்றார். நேர்முகத்தில் 300க்கு 110 மட்டுமே கொடுத்துத் தரவரிசையில் கீழே இறக்கினார்கள். இன்றும் மொத்தம் 2,025 மதிப்பெண்களில் 275 நேர்முகத்துக்கு. அது டெல்லியில் மட்டுமே நடக்கிறது. குவாஹாட்டியிலிருந்து ரயிலில் ஒரு முழு நாளுக்கும் மேல்.

மொழி இன்னொரு உள்வாசல். கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் எட்டாவது அட்டவணை மொழிகளில் முதன்மைத் தேர்வு எழுதலாம். அசாமிய மொழி அந்த அட்டவணையில் தொடக்கம் முதலே உண்டு. போடோவும் சந்தாலியும் 2003இன் திருத்தத்தால் சேர்ந்தன. ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. அதைத் தாண்டாதவருக்கு அசாமியத்தில் எழுதும் உரிமை இருந்தும் பயனில்லை. தேவுரி, மிஷிங், கார்பி, திமாசா பேசும் பிள்ளைகளுக்கு அந்த உரிமையும் இல்லை. அவர்கள் முதலில் அசாமியத்தைக் கடந்து, பிறகு ஆங்கிலத்தைக் கடக்க வேண்டும். 2011இல் வந்த திறனறித் தாளை எதிர்த்துப் பின்னர் இந்தி பேசும் மாநில மாணவர்களே டெல்லித் தெருவில் இறங்கினார்கள். 2015 முதல் அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்றானது. மிஷிங் மாணவருக்காக எந்தத் தெருவும் நிறையவில்லை.

காலமும் ஓர் உள்வாசல்தான். 1979 முதல் 1985 வரை அசாம் இயக்கம் நடந்தது. மறியலும் புறக்கணிப்புமாகக் கல்லூரிகள் முடங்கின, தேர்வுகள் தள்ளிப்போயின. 1985 ஆகஸ்ட் 15இல் கையெழுத்தான அசாம் ஒப்பந்தத்தில், கல்வித் தேர்வுகளும் போட்டித் தேர்வுகளும் பாதிக்கப்பட்டதால் அரசுப் பணிக்கான வயது வரம்பைத் தளர்த்துவது பற்றி மத்திய, மாநில அரசுகள் பரிசீலிக்கும் என்று ஒரு வாசகமே இருக்கிறது. ஓர் அரசியல் உடன்படிக்கைக்குள் தேர்வெழுதும் வயது இடம்பெற்றது என்றால், ஒரு தலைமுறை எத்தனை ஆண்டுகளை இழந்திருக்கும் என்று யோசியுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் டெல்லிக்கும் பிற ஊர்களுக்கும் போய்ப் படித்துக்கொள்ள முடிந்தது. ஊரிலேயே கிடந்த பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகள் போனது போனதுதான்.

8. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை

அசாமில் ஒடுக்கப்பட்டோரின் கதையைத் தேயிலை இல்லாமல் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோட்டா நாக்பூரிலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும், அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம், விசாகப்பட்டினம் பகுதிகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1865இன் சட்டம் ஓடிப்போகும் கூலியை வாரண்ட் இல்லாமல் பிடிக்கும் அதிகாரத்தைத் தோட்ட முதலாளிக்கே கொடுத்தது. 1908 வரை அந்த அதிகாரம் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. நீலகிரிக்கும் இலங்கைக்கும் போன நம் மக்களின் லயன் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஓர் ஒப்பீடு. ஒரே முண்டா குலத்தில் இரண்டு கிளைகள். ஒரு கிளை ஜார்க்கண்டில் தங்கியது. இன்னொன்று அசாம் தோட்டத்துக்கு வந்தது. ஜார்க்கண்ட் பிள்ளை பட்டியல் பழங்குடி. 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். அசாம் பிள்ளை இதர பிற்படுத்தப்பட்டோர். 35 வயது, 9 முறை. போட்டியும் அந்தப் பெரிய பிரிவின் முன்னேறிய சாதிகளோடு. அரசியல் சட்டத்தின் 341, 342ஆம் பிரிவுகளின்படி பட்டியல்கள் மாநிலவாரியாக அமைவதால் வந்த வினை இது. ஜார்க்கண்டில் பட்டியல் சாதியாக உள்ள காசி, துரி போன்றோருக்கும் அசாம் தோட்டத்தில் இதே நிலைதான். 1947இன் நிலச் சட்டம் 'தேயிலைத் தோட்டப் பழங்குடி' என்று எழுதிப் பாதுகாத்தது. வேலைக்கான பட்டியலோ அவர்களைப் பழங்குடி என்று ஏற்கவில்லை. நிலத்துக்குப் பழங்குடி, தேர்வுக்கு இல்லை. பழங்குடித் தகுதி கேட்டு அவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

பள்ளியைப் பாருங்கள். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்ய முதலாளியைக் கட்டாயப்படுத்தலாம் என்றது. பன்னிரண்டு வயதோடு சட்டத்தின் அக்கறை முடிந்தது. அதற்குமேல் உள்ள பள்ளி தோட்டத்துக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில் இருந்தால் உண்டு. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். அம்மா விடியலில் தோட்டத்துக்குப் போய்விட்டால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண் குழந்தை. ஆறாம் வகுப்பில் நிற்கும் பள்ளிப் படிப்பில் முதலில் நிற்பது அவள்தான். அண்மை ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளில் அரசு மாதிரி உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்திருக்கிறது. வரவேற்கிறோம். அங்கிருந்து ஒரு பெண் இருபத்தொரு வயதில் பட்டத்தோடு தேர்வறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அவளை யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

9. விலைக்குப் போன பதவி

இதற்கு நடுவில் இன்னொரு அடியும் விழுந்தது. 2016 நவம்பரில் அசாம் மாநிலத் தேர்வாணையத்தின் தலைவராக இருந்தவரே, வேலைக்குப் பணம் வாங்கிய புகாரில் கைது செய்யப்பட்டார். விடைத்தாள்களைத் தடயவியல் சோதனைக்கு அனுப்பினார்கள். தொடர்ந்து மாநில ஆட்சிப் பணியிலும் காவல் பணியிலும் அமர்ந்திருந்த இளம் அதிகாரிகள் பலர் கைதாகி வேலை இழந்தார்கள்.

இதில் மிகப் பெரிய நட்டம் யாருக்கு? லட்சங்களைக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு. நேர்மையான தேர்வு என்பது ஏழைக்கு இருக்கும் ஒரே முதலீடு. அது சந்தைக்குப் போனால் இட ஒதுக்கீடும் கூடவே போகும். ஒதுக்கிய இடத்துக்கும் விலை சொல்வார்கள். ஆகவே தேர்வு நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிப்பதும், முடிவுகளையும் மதிப்பெண்களையும் வெளியிடக் கோருவதும் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் வேலையே. நேர்மையைப் பற்றிப் பேசுவது மேல்சாதிப் 'தகுதி'வாதிகளின் தனிச்சொத்து அல்ல.

10. ஊக்கம் என்பது எது?

'முயன்றால் முடியும்' என்று மேடையில் பேசி, வெற்றி பெற்ற ஒருவருக்குச் சால்வை போர்த்துவதை ஊக்கம் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. இதுவரை பார்த்த வரலாறு சில திட்டமான வேலைகளைச் சொல்கிறது.

ஊக்கம் பட்டப்படிப்பு முடிந்தபின் தொடங்கினால் அது ஏற்கெனவே கதவருகில் நிற்பவருக்கே போய்ச் சேரும். பீல் கரையிலும் தோட்டத்து லயனிலும் ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பள்ளியிலிருந்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் உள்ளூர் மாணவர் அமைப்பின் கையேட்டில் இருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் இரண்டு கோரிக்கைகள். முதல்நிலைத் தேர்வு அட்டவணை மொழிகள் அனைத்திலும் வர வேண்டும். தமிழ் மாணவருக்கும் அசாமிய மாணவருக்கும் இது பொதுக் கோரிக்கை, சேர்ந்தே கேட்கலாம். அட்டவணைக்கு வெளியே உள்ள மொழிகளைப் பேசும் மாணவர்களுக்குத் தனிப் பாலம் வேண்டும். அவர்களுடைய மொழியில் தொடங்கி ஆங்கிலத்துக்குக் கூட்டிச்செல்லும் பாடக் குறிப்புகளை அந்தந்தச் சமூகத்துப் பட்டதாரிகளே எழுத வேண்டும்.

பட்டியல் பற்றிய கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பழங்குடித் தகுதி தருவதை இன்றைய பழங்குடியினரின் பங்கைக் குறைக்காமல் செய்ய வேண்டும். ஒடுக்கப்பட்டவரின் தட்டிலிருந்து எடுத்து ஒடுக்கப்பட்டவருக்கே பரிமாறினால் போடோவுக்கும் முண்டாவுக்கும் பகைதான் வளரும்.

தேர்வை மட்டுமே வாழ்க்கையாக்கிவிடவும் கூடாது. லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள், சில நூறு பேர் தேறுகிறார்கள். பத்தாண்டு முயன்று தோற்ற இளைஞரை ஊர் கைவிடக் கூடாது. அவர் படித்த சட்டமும் நிர்வாகமும் ஊருக்குச் சொத்து. பீல் குத்தகையில் மோசடி நடந்தால் விதியைக் காட்டிக் கேள்வி கேட்க, பட்டா வழக்கில் மனு எழுத, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

தேறியவருக்கு ஒரு சொல். 1956 மார்ச் 18இல் ஆக்ராவில் அண்ணல் அம்பேத்கர், படித்து முன்னேறியவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வருந்திப் பேசினார். அவர் அப்படிப் பேசியபோது அவருடைய வாழ்நாளில் எட்டு மாதங்களும் சில நாட்களுமே மிச்சமிருந்தன. பதவிக்குப் போகும் பிள்ளை இயக்கத்தின் துண்டறிக்கை எழுத வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பணி விதிகள் அதற்கு இடம் தரா. 60 விழுக்காடு என்ற விதியை விதிப்படி நடத்தினால் போதும். பத்தாம் அத்தியாயத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் போதும். புலகுரியின் அதிகாரி வாங்காத மனுவை வாங்கினால் போதும்.

நாம் நினைவுகூரும் தோழரும் இதைத்தான் செய்தார். விடுதி மாணவர்களின் விண்ணப்பங்களை நிரப்பினார், கட்டணம் கட்டினார், தேறாதவரை அடுத்த முறைக்கு உட்காரவைத்தார். அசாமிலும் அப்படிப்பட்ட தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு கடிதமும் பாடக் குறிப்புகளும் பரிமாறிக்கொள்ளும் வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம். இரட்டைமலை சீனிவாசனின் மனுவைத் தமிழில் படித்தவர்கள் அதை அசாமியத்துக்கு எடுத்துச் செல்லட்டும். பீம்பர் தேவுரியின் வாழ்க்கையை அவர்கள் நமக்குத் தரட்டும்.

ஜெய் பீம்.